தலை குனிந்த கெட்டில்

ஜெயசுந்தரி பாத்திரங்களோடு பேசுகிறவள். லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பேச்சு என்றால் கொஞ்சல் இல்லை, பெரும்பாலும் வசவுதான். விசில் அடிக்காமல் முரண்டு பிடிக்கிற குக்கரைப் பார்த்து, "ஏன், வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கே?" என்று கேட்பாள். சட்டி மூடி கைதவறி உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டால், "அங்கேயே கெட, உன்னை யாரு தேடப் போறா" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷமே விளக்குமாற்றோடு குனிந்து தேடுவாள். அவள் கணவன் பூபாலனுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. நாள் முழுக்க இரும்போடு புழங்குகிறவன், அது பதில் பேசாது என்பதை நன்றாக அறிந்தவன்.

"ஏளா சுந்தரி, அதுக்குக் காது கேக்காதுல்லா" என்பான்.

"கேக்காட்டிப் போவுது. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்" என்பாள் அவள்.

இரண்டு பேருடைய குடும்பமும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயில் வேலைக்காக வந்தவை. இவர்கள் பிறந்ததும் வளர்ந்ததும் செகந்திராபாத்தில்தான். இருந்தாலும் வாயில் வருவது இன்னும் திருநெல்வேலித் தமிழ். நடுநடுவே ஹைதராபாத் உருதுவில் 'ஆமாம்' என்பதற்கு ஒரு 'ஹவ்', 'வேண்டாம்' என்பதற்கு ஒரு 'நக்கோ'. பகலில் ஜெயசுந்தரி பேகம்பேட்டில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் போடுகிறாள். விமானம் தாமதம் என்றாலும், ஜன்னலோர சீட் கிடைக்கவில்லை என்றாலும், முகம் தெரியாத யாரிடமாவது ஃபோனில் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் அவள்தான். பகலெல்லாம் இப்படி மன்னிப்புக் கேட்கிற மனுஷி வீட்டுக்கு வந்து குக்கரைத் திட்டினால் அதில் என்ன தப்பு இருக்கிறது?

வருஷத்தில் ஒரு மாதம் மட்டும் அவள் வேறு ஆளாகிவிடுவாள். மே மாதம் சபையில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். பாட்டு, கதை, கைவேலை எல்லாம் உண்டு என்றாலும் பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு வருவது ஜெயசுந்தரியின் பொம்மலாட்டத்துக்குத்தான். முதலில் துணிப் பொம்மைகள்தான் இருந்தன. சபை அலமாரியில் பூட்டி வைத்ததை ஒரு வருஷம் எலி தின்றுவிட்டது. பாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஜெயசுந்தரி வீட்டுக்கு ஓடி, ஒரு கரண்டி, ஒரு கூஜா, இரண்டு டம்ளர், ஒரு தேங்காய்த் துருவி எல்லாவற்றையும் பையில் அள்ளிக்கொண்டு வந்தாள். பழைய சட்டைப் பொத்தான்களைக் கண்ணாக ஒட்டினாள். கதவு நிலையில் ஒரு போர்வையைக் கட்டினாள். அன்றைக்குப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் துணிப் பொம்மையை யாரும் அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

எல்லாம் சரி. ஆனால் அவளுக்கு ஒரு குறை இருந்தது, யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத விசித்திரமான குறை. இத்தனை வருஷத்தில் அவள் தன் ஆட்டத்தை ஒரு தடவைகூட முன்னால் உட்கார்ந்து பார்த்ததில்லை. எப்படிப் பார்க்க முடியும்? அவள் போர்வைக்குப் பின்னால் முழங்காலிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருப்பாள். அவளுக்குத் தெரிவதெல்லாம் தன் அக்குளும் போர்வையின் தையலும்தான்.

ஒரு வருஷம் நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு சின்னப் பெண் வந்து, "கரண்டி ஏன் ஆன்ட்டி அழுதுச்சு?" என்று கேட்டது. ஜெயசுந்தரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரண்டியை அவள் அழவைக்கவே இல்லை. சும்மா ஓரமாகச் சாய்த்துப் பிடித்திருந்தாள், கை வலித்ததால். அப்படியென்றால் அந்தப் பிள்ளை எதைப் பார்த்தது? வீட்டுக்குப் போய்ப் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கரண்டியைச் சாய்த்துப் பார்த்தாள். நைட்டி போட்ட ஒரு பொம்பளை கையில் கரண்டி வைத்திருந்தாள், அவ்வளவுதான். அடுத்த வருஷம் பாஸ்டர் மகன் செல்ஃபோனில் படம் பிடித்தான். ஆசையாக வாங்கிப் பார்த்தால் முழுக்கப் பிள்ளைகளின் பின்மண்டை. தூரத்தில் போர்வைக்கு மேலே ஏதோ ஆடியது. கரண்டியா காக்காயா என்று சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிகிற அது என்ன என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவளுக்குள் ஓர் அரிப்பாகவே இருந்தது.

அந்த அரிப்புக்கு மருந்து கொண்டு வந்தவன் ரூஃபஸ், பூபாலனின் தம்பி. அவனுக்குக் கச்சிபௌலியில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. சினிமாவில் இருக்கக் கூடாததை அழிப்பது அவன் பிழைப்பு: பறக்கிற கதாநாயகனைத் தூக்கிப் பிடித்திருக்கும் கம்பி, ராஜா காலத்துக் கோட்டைக்குப் பின்னால் தெரியும் செல்ஃபோன் டவர், இப்படி. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஃப்ரேமாக எடுத்து, தடயம் தெரியாமல் துடைத்துவிடுவான். "நான் இரும்பை ஒட்டவைக்கேன், இவன் அழிக்கான். நல்ல குடும்பம்" என்று பூபாலன் அவனைக் கேலி செய்வது வழக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிட வந்த ரூஃபஸ், ரசம் ஊற்றிக்கொள்ளும்போது விஷயத்தைச் சொன்னான். ஒரு தெலுங்குப் படம் எடுக்கிறார்கள். மூடிப்போன ஓர் இரானி ஹோட்டல், பளிங்கு மேசை போட்ட பழைய டீக்கடை. அதற்குள் கிடக்கும் கோப்பை, சாசர், கெட்டில், சர்க்கரை டப்பா எல்லாம் உயிரோடு இருக்கின்றன. ஆள் நடமாட்டம் இருந்தால் அசையாது. ஒரு நாள் பசியோடு ஒரு சின்னப் பெண் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறாள். டைரக்டருக்குக் கம்ப்யூட்டர் கோப்பை பிடிக்கவில்லையாம். நிஜமான பீங்கானை நிஜமான கை அசைக்க வேண்டும் என்று அடம் பிடிக்கிறாராம்.

"ஆளு கெடைக்கலையா?" என்று கேட்டாள் ஜெயசுந்தரி.

"வாராங்க மைனி. ஆனா கப்பு நடக்க மாட்டேங்கு. கப்பைப் புடிச்ச கைதான் நடக்கு."

"கைதான் படத்துல தெரியுமே, அதை என்ன செய்வீங்க?"

"நான் எதுக்கு இருக்கேன்? பச்சைக் கிளவுஸ் போட்டுக்கிடுவாங்க, நான் அழிச்சிருவேன். பாக்குதவங்களுக்குக் கெட்டில் மட்டும்தான் தெரியும்."

ஜெயசுந்தரி ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கும் அப்படித் தெரியுமா?"

"என்ன மைனி கேள்வி இது? டிக்கெட் எடுத்து உக்காந்தா யாருக்கும் தெரியும்."

மறுநாளே ஆபீசில் லீவு சொல்லிவிட்டாள். நடிக்கப் போகிறாள் என்று குவார்ட்டர்ஸ் முழுக்கச் செய்தி பரவியது. மூஞ்சி தெரியாத நடிப்பு என்று பூபாலன் திருத்திச் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பட்டான்செருவில் காலியாகக் கிடந்த ஒரு பெரிய கொட்டகைக்குள் இரானி ஹோட்டல் செட் போட்டிருந்தார்கள். மேசைகளின் பளிங்கில் ஆங்காங்கே ஓட்டை. அடியில் ஆள் ஒளிய இடம். டைரக்டர் பெயர் சாய்கிருஷ்ணா. எப்போதும் வேர்க்கடலை கொறித்துக்கொண்டே இருக்கிற ஒல்லியான மனிதர். நன்றாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லமாட்டார். ஒரு ஷாட் பிடித்துப்போனால் "நெக்ஸ்ட்" என்பார், அதுதான் பாராட்டு. ஜெயசுந்தரியிடம் முதலில் ஒரு கோப்பையைக் கொடுத்தார். அவள் அதை மேசை ஓரம் வரை நடத்திக்கொண்டு போய், கீழே எட்டிப் பார்க்கவைத்து, பயந்து இரண்டடி பின்வாங்கச் செய்தாள். கடலை மெல்லுவது நின்றது. மறுநாள் கெட்டில் அவள் கைக்கு வந்தது.

நீலப் பூப்போட்ட வெள்ளைப் பீங்கான் கெட்டில், மூக்கு நுனியில் ஒரு சின்ன உடைசல். மூடிக்கு ஒரு நரம்புக் கயிறு. அது அவள் கட்டைவிரலில். அடிப்பாகத்தில் ஒரு பிடி, அது உள்ளங்கையில். அவள் மேசைக்கு அடியில் மடங்கி உட்கார்ந்து, முழங்கை வரை பச்சைத் துணி சுற்றிக்கொண்டு, மூடியைப் பாதி திறந்தால் கெட்டில் யோசிக்கும், முழுக்கத் திறந்தால் ஆச்சரியப்படும், பக்கவாட்டில் திரும்பினால் கோபித்துக்கொள்ளும் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தாள் என்பதுகூடச் சரியில்லை. அதைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பதை வைத்து ஊகித்தாள்.

பசியோடு வருகிற சின்னப் பெண்ணாக நடித்தவள் சபீனா, முன்பற்கள் விழுந்த சிறுமி. ஜெயசுந்தரி மேசைக்கு அடியிலிருந்து வியர்க்க விறுவிறுக்க வெளியே வந்தால் ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். பேச்சு முழுக்கக் கெட்டிலோடுதான். தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று அதனிடம் கேட்பாள். ஜெயசுந்தரி அடியிலிருந்து மூடியை ஆட்டி அனுமதி கொடுத்த பிறகே எழுந்து போவாள். ஒரு தடவை ஜெயசுந்தரி பொறுக்க முடியாமல், "இங்க பாரு கண்ணு, நான்தான் அதை ஆட்டுறேன்" என்று ஹிந்தியில் சொல்லிக் கையைக் காட்டினாள். சபீனா அந்தப் பச்சைக் கையைப் பார்த்தாள், கெட்டிலைப் பார்த்தாள். "நக்கோ ஆன்ட்டி, நீங்க அதுக்கு ஹெல்ப் பண்றீங்க" என்றாள். ஜெயசுந்தரிக்கு அந்தப் பிள்ளைமேல் பொறாமையாகவே இருந்தது.

சாயங்காலம் டைரக்டரின் டி.வி.யில் அன்றைக்கு எடுத்ததை ஓட்டிக் காட்டினார்கள். ஆவலாகப் போய் நின்றாள். தவளை மாதிரி ஒரு பச்சைக் கை கெட்டிலைத் தூக்கிக்கொண்டு திரிந்தது. பக்கத்தில் நின்ற மற்றவர்கள் கெட்டிலைப் பார்த்துச் சிரிக்க, அவள் கண்ணுக்குத் தவளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ரூஃபஸுக்கு ஃபோன் போட்டுப் புலம்பினாள். "கொஞ்சம் பொறுங்க மைனி. உங்களை ஒரேயடியா அழிச்சிட்டுக் காட்டுதேன்" என்று அவன் ஆறுதல் சொன்னான்.

பிறகுதான் அந்தச் சாப்பாட்டுக் காட்சி வந்தது. படத்தில் கெட்டிலுக்கு என்று தனியாக ஒரு காட்சி உண்டென்றால் அது அதுதான். மற்ற இடங்களில் நாலைந்து பாத்திரங்களோடு ஒன்றாக வந்து போகும். இதில் திரை நிறைய அது மட்டும். பசியோடு வந்த பெண் மேசையில் உட்காருகிறாள். தட்டு பிஸ்கட்டோடு நகர்ந்து வருகிறது. கெட்டில் நடுவுக்கு வந்து கோப்பையில் டீ ஊற்றுகிறது. எளிதான ஷாட்.

கெட்டில் வந்தது. தலை குனிந்தது. அப்படியே நின்றது. பிறகு நிமிர்ந்து ஊற்றியது.

"கட்" என்றார் சாய்கிருஷ்ணா. "சுந்தரிகாரு, ஏன் நின்னுச்சு?"

"நிக்கலையே சார்" என்று தெலுங்கில் சொன்னாள் மேசைக்கு அடியிலிருந்து.

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் நின்றது. கயிறு சிக்குகிறதோ என்று கயிற்றை மாற்றினார்கள். டீ கனமாக இருக்கிறதோ என்று பாதியைக் கொட்டினார்கள். மாற்றுக் கெட்டில் ஒன்று வைத்திருந்தார்கள், அதைக் கொண்டுவந்தார்கள். அதுவும் வந்தது, குனிந்தது, நின்றது, ஊற்றியது. சாய்கிருஷ்ணா அவளை வெளியே கூப்பிட்டு டி.வி.யில் போட்டுக் காட்டினார். உண்மைதான், பச்சைக் கை அப்படியே உறைந்து நிற்கிறது. ஜெயசுந்தரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். தன் கை தனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்வதை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கண்டாள். இந்தத் தடவை நிறுத்தவே மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். அப்போது கெட்டில் அவசரமாக ஊற்றி டீ முழுக்கச் சபீனாவின் மடியில் கொட்டியது. நல்ல வேளை, ஆறிப்போன டீ.

வெளிச்சம் மாறிக்கொண்டிருந்தது, பிள்ளை களைத்துவிட்டாள். சாய்கிருஷ்ணா கடலைப் பொட்டலத்தைச் சுருட்டிப் பாக்கெட்டில் வைத்தார். "விடுங்க. இந்த ஒரு ஷாட்டுக்குக் கெட்டிலைக் கம்ப்யூட்டர்ல பண்ணிக்கலாம்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

வீட்டுக்கு வந்து குளித்து, குழம்பைச் சூடு பண்ணி, பூபாலனுக்குத் தட்டு வைத்தாள். குக்கரோடுகூட அன்றைக்குப் பேச்சு இல்லை. பூபாலன் உட்கார்ந்தான், தலையைக் குனிந்தான், கண்ணை மூடினான். எல்லா நாளும் செய்கிற ஜெபம்தான். அவன் உதடு அசைந்து முடிகிறவரை குழம்புக் கரண்டியோடு அவள் கை தட்டுக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"கர்த்தாவே!" என்று கத்தினாள். பூபாலன் பதறிப்போய்க் கண்ணைத் திறந்தான்.

எல்லாம் ஒரே நொடியில் புரிந்துபோனது. வேதாகமப் பள்ளியில் கடைசியாகப் பிள்ளைகளுக்குப் பன்னும் ஜூஸும் கொடுப்பார்கள். தட்டைக் கண்டால் கூட்டம் பாயும். அதைத் தடுக்க ஜெயசுந்தரிதான் அந்த வழக்கத்தை உண்டாக்கியிருந்தாள்: போர்வைக்கு மேலே கூஜா வந்து தலை குனியும், கூஜா குனிந்தால் எல்லாப் பிள்ளைகளும் கண்ணை மூட வேண்டும். போர்வைக்குப் பின்னால் அவளும் மூடிக்கொள்வாள். ஜெபம், ஆமென், அப்புறம்தான் கூஜா நிமிரும், பன் வரும். மே மாதம் தவறாமல் இப்படிச் செய்து செய்து, சாப்பாட்டைக் கண்டதும் கையில் இருக்கிற பொருள் தானாகத் தலை குனிகிற பழக்கம் வந்துவிட்டது. உயிருள்ள எதுவும் ஜெபம் பண்ணாமல் சாப்பாட்டில் கை வைக்காது என்று அவள் கை முடிவு பண்ணியிருந்தது. கெட்டிலுக்கு உயிர் உண்டு என்று சொன்னது டைரக்டர்தானே?

உடனே ரூஃபஸைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான், பிறகு குரல் இறங்கியது. "காரணம் தெரிஞ்சு என்ன மைனி செய்ய? நாளைக்குச் செட்டைப் பிரிக்காங்க. எங்க ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் கெட்டிலுக்கு ஆர்டர் வந்தாச்சு."

ஜெயசுந்தரி அழுதாள். காசும் பெயரும் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. முன்னால் உட்கார்ந்து ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள். திரை நிறைய வருகிற அந்த ஓர் இடத்தில் இப்போது யாரோ கம்ப்யூட்டரில் பண்ணுகிற கெட்டில் வரப் போகிறது. பூபாலனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. ஆறிப்போன குழம்பை அவனே எடுத்துச் சூடு பண்ணி அவள் தட்டில் ஊற்றினான்.

மாதங்கள் ஓடின. டிராவல்ஸ் ஆபீசில் மன்னிப்புக் கேட்கிற வேலை ஒழுங்காக நடந்தது. குவார்ட்டர்ஸில் படம் எப்போ, படம் எப்போ என்று கேட்கிறவர்களைக் கண்டால் அவள் வேறு பக்கம் போக ஆரம்பித்தாள். அப்படியிருக்கும்போது ஒரு நாள் ரூஃபஸ் ஆபீசிலிருந்து நேராக வந்து கதவைத் தட்டினான். உட்காரக்கூட இல்லை.

"மைனி, அந்தப் புள்ளையும் நிக்கா!"

"எந்தப் புள்ள?"

"சபீனா. கம்ப்யூட்டர் கெட்டிலைச் செஞ்சு ஷாட்டுல போட்டுட்டாங்க. அது வருது, படக்குன்னு டீயை ஊத்துது. ஆனா இந்தப் புள்ள பிஸ்கட் பக்கத்துல கையைக் கொண்டுபோயிட்டு, எடுக்காம நிக்கா. எதையோ பாத்துக்கிட்டு நிக்கா. டீ ஊத்தியாச்சு, இவ இன்னும் நிக்கா. பாக்கவே கோட்டி புடிச்ச மாதிரி இருக்கு. ஏன்னு யாருக்கும் வெளங்கல. நான் பழைய ஷாட்டை எடுத்துப் பாத்தேன். உங்க கெட்டில் குனியுது, அவ கையும் நிக்கு. அது நிமிருது, அப்பதான் எடுக்கா. டீ கொட்டுனதைத் தவிர எல்லா டேக்குலயும் அப்படித்தான்!"

நிற்கும்படி யாரும் அந்தப் பிள்ளையிடம் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கப் போகக் கெட்டிலிடம் அனுமதி கேட்டவள், அது குனிந்திருக்கும்போது பிஸ்கட்டைத் தொடக்கூடாது என்று தானாகவே முடிவு பண்ணியிருக்கிறாள். ரூஃபஸ் யாரையும் கேட்காமல் பழைய ஷாட்டிலிருந்து பச்சைக் கையை அழித்து, டைரக்டரிடம் கொண்டு போய்ப் போட்டுக் காட்டியிருக்கிறான். அவர் மறுபடி மறுபடி ஓட்டச் சொன்னாராம்.

இரண்டு நாள் கழித்து சாய்கிருஷ்ணாவே ஃபோன் செய்தார். அப்போது ஜெயசுந்தரி ஒரு பயணியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பாதியில் நிறுத்திவிட்டு எடுத்தாள்.

"சுந்தரிகாரு, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த இடத்துல கெட்டில் என்ன யோசிக்குது?"

"ஒண்ணும் யோசிக்கல சார். சாப்பாட்டுக்கு முன்னாடி நிக்குது, அவ்வளவுதான்."

மறுமுனையில் கடலை மெல்லுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நெக்ஸ்ட்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஜெயசுந்தரி ஆபீஸ் என்றும் பாராமல் எழுந்து நின்று கைதட்டினாள்.

படம் வெளியான வெள்ளிக்கிழமை மத்தியான ஷோவுக்குப் போனார்கள். பூபாலன் ஒரு பக்கம், ரூஃபஸ் ஒரு பக்கம், நடுவில் நல்ல புடவை கட்டிக்கொண்டு ஜெயசுந்தரி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். படம் தொடங்கியது. கோப்பைகள் நடந்தன, சர்க்கரை டப்பா தும்மியது, தியேட்டரில் பிள்ளைகள் கத்திக் குதித்தார்கள். கெட்டில் முதல் தடவை வந்ததும் அவள் முன்னால் சாய்ந்தாள்.

கெட்டில் தெரியவில்லை. அதாவது, தெரிந்தது. ஆனால் அதற்கு அடியில் தன் கை இருக்க வேண்டிய இடத்தையே அவள் கண் தேடியது. "இந்தா, இப்ப கட்டைவிரலை இழுக்கேன் பாரு" என்று முணுமுணுத்தாள். "இங்க முழங்கை மேசையில இடிச்சிது." ரூஃபஸ் பல்லைக் கடித்தான். "மைனி, மாசக்கணக்கா ஒக்காந்து அழிச்சிருக்கேன். நீங்க எங்கேருந்து கையைக் கொண்டு வாரீங்க?" அவள் என்ன செய்வாள்? எவ்வளவு சுத்தமாக அவன் துடைத்திருந்தாலும் அவளுக்கு அங்கே கை இருந்தது. மூட்டு எங்கே வலித்தது, கயிறு எங்கே நழுவியது என்று ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. முன்னால் வந்து உட்கார்ந்தும் தான் இன்னும் போர்வைக்குப் பின்னால்தான் இருக்கிறோமோ என்று அவளுக்குத் தோன்றியது.

இடைவேளையில் பூபாலன் சமோசா வாங்கிவந்தான். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், சாப்பிடவில்லை. விளக்கு அணைந்தது. சபீனா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள், தலையெல்லாம் மழை. மேசையில் உட்கார்ந்தாள். தட்டு பிஸ்கட்டோடு நகர்ந்து வந்தது. தியேட்டர் அடங்கியது. இதுதான், இதுதான் என்று ஜெயசுந்தரி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். திரை நிறையக் கெட்டில் மெல்ல நடுவுக்கு வந்தது. சபீனாவின் கை பிஸ்கட்டை நோக்கிப் போனது. கெட்டில் தலை குனிந்தது.

"ஆமென்" என்று சொல்லி ஜெயசுந்தரி கண்ணைத் திறந்தபோது கோப்பையில் டீ நிறைந்திருந்தது. சபீனா பிஸ்கட்டை முக்கிக் கடித்துக்கொண்டிருந்தாள். முன் சீட்டிலிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

ஜெயசுந்தரிக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பூபாலனின் கையைப் பிடித்து உலுக்கினாள். "குனிஞ்சிதா?"

"குனிஞ்சிதே. எவ்வளவு நல்லா இருந்துச்சு! ஏன், நீ பாக்கலையா?"

"நான் கண்ணை மூடிட்டேன்."

"மைனி!" ரூஃபஸ் சீட்டை விட்டே எழுந்துவிட்டான். "இதைப் பாக்கத்தானே இம்புட்டுப் பாடு! எதுக்குக் கண்ணை மூடுனீங்க?"

"அது குனிஞ்சிதே தம்பி, நான் என்ன செய்ய?"

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. மடியில் சமோசா இருந்தது, கெட்டில் தலை குனிந்தது, அவளும் குனிந்துவிட்டாள். வேதாகமப் பள்ளியில் முன்வரிசைப் பிள்ளைகள் செய்வதைத்தான் அவளும் செய்திருந்தாள். கட்டைவிரலும் கயிறும் அந்த நேரத்தில் எங்கே போயின என்று அவளுக்குத் தெரியவில்லை.

பூபாலன் காதோரம் குனிந்து, "அடுத்த ஷோவுக்கு டிக்கெட் எடுக்கவா?" என்று கேட்டான்.

அதற்குள் திரையில் கெட்டில் மூடியைப் பாதி திறந்துகொண்டு சபீனாவின் பக்கம் திரும்பியது. ஜெயசுந்தரி கணவனின் வாயைக் கையால் பொத்தினாள்.

"சும்மா இருங்க. அது என்னமோ பண்ணப் போவுது."